சுவருக்குள் இருக்கும் அரை அடி

புதுச்சேரியில் தமிழர் பகுதியில், கடற்கரையிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் வந்துவிடக்கூடிய தெருவில் எங்கள் வீடு இருக்கிறது. தாத்தா காலத்துக்கும் முந்தையது. தெருப்பக்கம் தாழ்வாரம், திண்ணை, ரேழி, முற்றத்தைச் சுற்றி ஓட்டுச் சரிவு. முன்கூடத்துக்கு மட்டும் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளைச் சுவருக்குச் சுவர் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைச் சாய்வாட்டமாகக் குத்துக்கல்லாகச் சுண்ணாம்பில் ஒட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லிக் காரை இடித்து, கடைசியாகத் தட்டோடு பதித்த தளம் அது. கூடத்தில் இப்படிப் பதினொரு கட்டைகள், ஒன்றரை அடிக்கு ஒன்றாக. தெருப்பக்கத்திலிருந்து எண்ணினால் ஏழாவது கட்டைதான் எனக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தது.

2014 நவம்பர் கடைசியில், மழைக்காலத்தில், கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சிக் கட்டடம், இடிந்து விழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம். இந்த ஊரில் வளர்ந்த எல்லாரும் அதன் முன்னால் நின்று ஒரு படமாவது எடுத்திருப்போம். செய்தி கேட்ட அன்றைக்கு அம்மா கூடத்தில் உட்கார்ந்தபடியே மேலே பார்த்து, "நம்ம கட்டையெல்லாம் ஒரு தடவை பார்த்துடேன்" என்றார். நான் நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். பழுப்பு எனாமல் பெயின்ட் பளபளவென்று இருந்தது. விரிசல் இல்லை, தொய்வு இல்லை. "நல்லாத்தான் இருக்கும்மா" என்று இறங்கிவிட்டேன். அன்றைக்கு நான் பார்த்தது பெயின்ட்டை மட்டும்தான்.

2015 டிசம்பரில் கொட்டித் தீர்த்த மழைக்குப் பின், ஏழாம் கட்டை மேற்குச் சுவருக்குள் நுழையும் இடத்திலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு கோடு சுவரில் இறங்கியது. பொங்கலுக்கு வெள்ளை அடித்தோம். மாசியில் கோடு மறுபடி வந்தது. சித்திரையில் எங்கள் வீட்டுக்கு அப்பா காலத்திலிருந்து வரும் ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் ஏணியில் ஏறி, உளியின் பிடியால் கட்டையை நடுவிலிருந்து சுவரை நோக்கித் தட்டிக்கொண்டே போனார். நடுவில் கணீரென்றிருந்த சத்தம் சுவருக்கு ஓரடி முன்னால் மந்தமானது. ஸ்க்ரூ டிரைவரைச் சுவர் ஓரமாக வைத்து அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

"பாப்பா, இது மரமா நிக்கல. பெயின்ட்டும் பழக்கமும்தான் தாங்கிக்கிட்டு இருக்கு" என்றார். அன்று இரவு அம்மாவின் கட்டிலை ரேழிக்கு மாற்றினோம்.

சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்து, சுவரைக் கொத்தித் திறந்தபோது முழுக் கதையும் தெரிந்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் ஈரத்தை அளப்பது பற்றிச் சொல்ல முடியும்.

சுவர் ஒன்றரை அடிக் கனம். கட்டை அதற்குள் அரை அடிக்கும் கொஞ்சம் கூடுதலாக நுழைந்து உட்காருகிறது. பழைய வேலையில் கட்டையின் முனைக்குக் கீழே ஒரு கருங்கல் துண்டு வைத்திருந்தார்கள். பக்கத்திலும் பின்னாலும் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். மரத்தின் முனை என்பது குழல்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு கட்டைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது மாதிரி. ஆயிரக்கணக்கான நுண்குழல்களின் வாய் அங்கேதான் திறந்திருக்கிறது. பக்கவாட்டில் உறிஞ்சுவதைவிடப் பல மடங்கு வேகமாக முனை வழியாகத் தண்ணீர் ஏறும். அதனால்தான் அந்தக் கல், அந்த இடைவெளி. மழையில் கொஞ்சம் நனைந்தாலும், சுண்ணாம்புப் பூச்சும் அந்த இடைவெளிக் காற்றுமாகச் சேர்ந்து தை, மாசியில் உலர்த்திவிடும். நூறு வருடம் அப்படித்தான் நின்றிருக்கிறது.

2009இல் தம்பி கல்யாணத்துக்கு முன்னால் வீட்டைச் சீர் செய்தோம். எடுத்துச் செய்தவர் தட்டோட்டைப் பெயர்த்துவிட்டு சிமென்ட் போட்டு, மேலே தார்த் தாள் ஒட்டினார். மேற்குச் சுவருக்கு உள்ளும் புறமும் சிமென்ட் பூச்சு. கட்டை முனையைச் சுற்றியிருந்த இடைவெளியிலும் சிமென்ட்டை அடைத்துவிட்டார்கள். கட்டைகளுக்கு இரண்டு கை எனாமல். பார்க்கக் கல்யாண வீடு மாதிரியே இருந்தது. கைப்பிடிச் சுவர் ஓரத்தில் தார்த் தாள் மடங்கும் இடத்தில் நாலைந்து வருடத்தில் ஒரு கீறல் விழுந்தது. அதில் இறங்கிய தண்ணீருக்கு வெளியே போக ஒரு வழியும் இல்லை. மேலே தாள், இருபுறமும் சிமென்ட், கட்டையில் எனாமல். ஓட்டை சிறியதுதான். அடைப்பு முழுமையாக இருந்தது, அதுதான் கெடுத்தது.

இதே கதை இன்னொரு தேசத்தில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1980களின் பிற்பாதியிலும் 90களிலும் கட்டிய மரச்சட்ட அடுக்ககங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே அழுகிப்போயின. 1998இல் அங்கு முன்னாள் மாகாண முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் விசாரணை ஆணையமே போட்டார்கள். மழை நிறைய பெய்யும் கடலோர ஊர். ஜன்னல் ஓரங்களில் நுழைந்த தண்ணீர், இறுக்கி மூடிய சுவருக்குள் காய வழியில்லாமல் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அங்கே வெளிப்பூச்சுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே காற்றோட, நீர் வடிய ஓர் இடைவெளி விடும் முறை வந்தது. படித்தபோது எங்கள் ஏழாம் கட்டையைச் சுற்றிப் பழைய கொத்தனார் விட்டிருந்த விரல் இடைவெளிதான் ஞாபகத்துக்கு வந்தது.

மரம் ஏன் அழுகுகிறது என்பதை நான் அதுவரை சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. "பழசாயிடுச்சு, இத்துப்போச்சு" என்றுதான் நினைத்திருந்தேன். வயது மரத்தை அழிப்பதில்லை. அழிப்பது பூஞ்சணம். அதற்கு மரம் வேண்டும், காற்று வேண்டும், மிதமான சூடு வேண்டும், தண்ணீர் வேண்டும். எங்கள் ஊரில் முதல் மூன்றும் வருடம் முழுக்க இருக்கின்றன. நம் கையில் இருப்பது தண்ணீர் ஒன்றுதான். மரத்தில் உள்ள நீரின் எடையை, நன்றாக உலர்த்திய மரத்தின் எடையோடு ஒப்பிட்டு சதவீதமாகச் சொல்வார்கள். 28, 30 சதவீதம் வரைக்கும் நீர் மரத்தின் நார்ச்சுவருக்குள்ளேயே பிடிபட்டிருக்கும். அதைத் தாண்டினால் நுண்குழல்களுக்குள் நீராகவே நிற்கத் தொடங்கும். பூஞ்சணம் காலூன்றுவது அந்த எல்லையை ஒட்டித்தான். ஈரத்தை அளக்கும் மீட்டரின் பிழை, இடத்துக்கு இடம் மாறும் ஈரம் இதற்கெல்லாம் இடம் விட்டு 20 சதவீதத்தைப் பாதுகாப்புக் கோடாக வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இருந்தால் பூஞ்சணம் வளராது. ஆனால் செத்துவிடாது. அடுத்த ஈரத்துக்காகக் காத்துக்கிடக்கும்.

இன்னொன்றும் தெரிந்தது. கண்ணுக்கு அழுகல் தெரிவதற்கு முன்பே மரத்தின் வலிமை பெருமளவு போய்விடும். குறிப்பாகப் பழுப்பு அழுகலில். மரம் கட்டம் கட்டமாக வெடித்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் வகை அது. பொடியாக இருப்பதால் "காஞ்சு உளுத்துப்போச்சு" என்பார்கள். காய்ந்து கெட்டதல்ல, நனைந்து கெட்டபின் காய்ந்திருக்கிறது. இந்தச் சொல் குழப்பத்தால்தான் பலர் தண்ணீரைத் தேடாமல் மரத்தை மட்டும் மாற்றிவிட்டு விடுகிறார்கள். ஐந்து வருடத்தில் புதுக் கட்டையும் அதே இடத்தில் போகும்.

தேக்கு அழுகாது என்று நம்பியவர்களில் நானும் ஒருத்தி. தேக்கின் வைரம், அதாவது நடுவில் உள்ள கெட்டி மரம், நன்றாகத் தாக்குப்பிடிக்கும், உண்மை. அதைச் சுற்றி வெளிப்பக்கம் இருக்கும் வெள்ளைப்பகுதி தாக்குப்பிடிக்காது. எங்கள் கட்டைகளில் ஒரு மூலையில் வெள்ளை ஓடியிருந்தது. அங்கேதான் முதலில் பிடித்தது. வைரமும் வருடக்கணக்கில் ஊறிக்கிடந்தால் கடைசியில் தோற்றுப்போகும்.

ஏழாம் கட்டையில் ஏறக்குறைய இரண்டடி போய்விட்டது. ஆசாரி உளியால் செதுக்கிக்கொண்டே வந்தார். சிம்பு நீளமாக உரிந்து வந்தால் மரம் நல்லது, பொட்டென்று ஒடிந்தால் அங்கேயும் பூஞ்சணம் நுழைந்துவிட்டது. நீளச் சிம்பு வர ஆரம்பித்த இடத்திலிருந்து இன்னும் ஓரடி தள்ளி அறுத்தார். அங்கிருந்து பழைய தேக்கில் ஒரு துண்டைச் சாய்வெட்டாகச் சேர்த்து, இரு பக்கமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டார். கீழே கருங்கல் வைத்தார். சுற்றி இடைவெளி விட்டார். மற்ற பத்துக் கட்டைகளையும் சுவர் ஓரத்தில் சாய்வாக மெல்லிய துளை போட்டுப் பார்த்தார். வெளிவரும் சீவல் சுருள் சுருளாகப் பொன்னிறமாக இருந்தால் சரி, கறுத்த பொடியாக வந்தால் கெட்டது. ஐந்தாவதில் மட்டும் பொடி கொஞ்சம் கலந்து வந்தது. "இதை விட்டுப் பாக்கலாம் பாப்பா. ஆனா கண்ணு வெச்சுக்கிட்டே இருக்கணும்" என்றார்.

கண் வைப்பது எப்படி? சுவருக்குள் இருக்கும் அரை அடியைக் கண்ணால் பார்க்க முடியாது. அங்கேதான் ஈரமானி வாங்கினேன். கடையில் ஈரமானி என்றால் விழிப்பார்கள்; மாய்ஸ்ச்சர் மீட்டர் என்று கேட்க வேண்டும். இரண்டு ஊசி உள்ள வகை. காய்ந்த மரத்தில் மின்சாரம் அநேகமாக ஓடாது, ஈரம் கூடக்கூட ஓடும். அந்தத் தடையை அளந்து சதவீதமாகக் காட்டுகிறது. 7 முதல் 28 வரை காட்டுவதை நம்பலாம். அதற்கு மேல் காட்டும் எண்ணை "ரொம்ப ஈரம்" என்று எடுத்துக்கொள்ளலாமே தவிர, 40க்கும் 50க்கும் வித்தியாசம் பார்க்கக்கூடாது.

முதல் வருடம் நான் செய்தது அத்தனையும் தப்பு. அதைச் சொன்னால் இன்னொருவருக்கு ஒரு வருடம் மிஞ்சும்.

கையில் பிடிக்கும் மீட்டரின் ஊசி நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அதை எனாமல் மேல் குத்தி, "12, நல்லா இருக்கு" என்று எழுதிவைத்தேன். நான் அளந்தது கூடத்துக் காற்றோடு உறவாடும் மேல்தோலை. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. அடுத்தது, ஒவ்வொரு முறையும் கைக்கு எட்டின இடத்தில் குத்தினேன். ஒரு நாள் 12, ஒரு நாள் 15. எது ஈரத்தின் மாற்றம், எது இடத்தின் மாற்றம் என்று பிரிக்க வழியில்லை. மூன்றாவது, பெரிய தப்பு: 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போனது. தமிழகம் முழுக்கவே மிக மோசமான வறட்சி. அந்த வருடம் எல்லா எண்களும் அழகாக வந்தன. வேலை முடிந்தது என்று நிம்மதியானேன். மழையே பெய்யாத வருடத்தின் கணக்கை வைத்துக் கூரைக்கு நற்சான்று கொடுத்திருக்கிறேன்.

2017 கோடையில் முறையாகத் தொடங்கினேன். என் அண்ணன் மகன் மின்னணுவியல் படித்தவன். அவன் சொன்ன யோசனை. ஒவ்வொரு கட்டையிலும் மேற்குச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, துருப்பிடிக்காத ஸ்டீல் திருகு இரண்டை, ஓர் அங்குல இடைவெளியில், நான்கு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நுனி சுவரை நோக்கிச் சாய்ந்திருக்கும்படி முடுக்கினோம். திருகின் உடலுக்கு மின்கம்பிக்குப் போடும் சுருங்கு உறை மாட்டி, நுனியை மட்டும் திறந்துவிட்டோம். உறை இல்லாவிட்டால் வழியில் எங்கே ஈரம் அதிகமோ அதைத்தான் மீட்டர் காட்டும். உறை கிழியாமல் இருக்க முதலில் துளை போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு மீட்டரின் ஊசிகளிலிருந்து இரண்டு மின்கம்பி எடுத்து, அவற்றின் முனையில் உள்ள முதலைக் கிளிப்பை (முதலை வாய் போலக் கவ்வும் கிளிப்) திருகுத் தலையில் மாட்டினால் போதும். ஏணி, ஐந்து நிமிடம், பதினொரு எண்கள். ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே ஆழம்.

கிழக்குச் சுவர் வீட்டுக்கு உள்சுவர், மழை படாது. அந்தப் பக்கத்திலும் மூன்று கட்டைகளில் திருகு போட்டேன். இது மிக முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன். ஊர்க்காற்றின் ஈரத்துக்கு ஏற்ப எந்த மரமும் ஏறும், இறங்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் இருந்தால் மரம் 12 பக்கம் நிற்கும். 80 ஆனால் 16 பக்கம் போகும். கார்த்திகையில் வீட்டில் உள்ள எல்லா மரமும் இரண்டு மூன்று புள்ளி ஏறத்தான் செய்யும், கதவு இறுகுவதைப் பார்த்தாலே தெரியும். அது கசிவு இல்லை. உள்சுவர்க் கட்டை 15 காட்டும்போது மேற்குக் கட்டை 16 காட்டினால் அது காற்று. 22 காட்டினால் அது தண்ணீர். தனி எண்ணைவிட இந்த வித்தியாசம் எனக்கு நிறைய சொல்லியிருக்கிறது.

மீட்டர் காட்டும் எண்ணையும் சோதிக்க வேண்டியிருந்தது. பெரும்பாலான மீட்டர்கள் வேறு நாட்டு ஊசியிலை மரத்துக்கும் 20 டிகிரி வெப்பத்துக்கும் அளவு செய்யப்பட்டவை. நம் வீட்டில் 30 டிகிரிக்கு மேல். சூடு பத்து டிகிரி கூடினால் ஏறக்குறைய ஒரு புள்ளி அதிகமாகக் காட்டும். மரவகைக்கும் வேறுபடும். ஆசாரி அறுத்துப்போட்ட நல்ல தேக்குத் துண்டு ஒன்றை எடுத்து மீட்டரில் பார்த்தேன், 15. எடை போட்டேன், 86 கிராம். அடுப்பு ஓவனில் 103 டிகிரி பக்கம் வைத்து, எடை இனி குறையாது என்று ஆகும்வரை உலர்த்தினேன். 76 கிராமில் நின்றது. போன நீர் 10 கிராம். 76ஆல் வகுத்தால் 13க்குச் சற்று மேல். ஆக என் மீட்டர், என் வீட்டில், என் தேக்கில் இரண்டு புள்ளி கூட்டிச் சொல்கிறது. நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதி ஒட்டியிருக்கிறேன். இந்தச் சோதனையை யாரும் வீட்டிலேயே செய்யலாம்.

2017 மழையில் நோட்டு பேச ஆரம்பித்தது. ஏழாம் கட்டை 16 தாண்டவில்லை, புது வேலை நன்றாகத்தான் இருந்தது. ஒன்பதாம் கட்டை 24. யாரும் சந்தேகப்படாத கட்டை அது. மாடியில் ஏறிப் பார்த்தால், பக்கத்து வீட்டு வேப்பமரத்து இலை தூம்பு வாயை அடைத்து, மூலையில் நாலு விரல் தண்ணீர் குளமாக நின்றது. இலையை அள்ளிப் போட்டேன். மூன்று வாரத்தில் 24, 21, 18 என்று இறங்கியது. சுவரில் ஒரு பொட்டு ஈரக்கறைகூட வரவில்லை. மீட்டர் இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கட்டையும் அடுத்த நாலைந்து மழையில் ஏழாவதின் வழியில் போயிருக்கும்.

அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. மழை நாளில் மரம் எவ்வளவு நனைகிறது என்பதற்காக நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது மழை நின்ற பிறகு எத்தனை நாளில் காய்கிறது என்பதை. ஒன்பதாம் கட்டை ஒரு வாரம் 24இல் இருந்தது. பூஞ்சணத்துக்கு அந்த ஒரு வாரம் போதாது. அதே 24 தை முடியும்வரை இறங்காமல் நின்றிருந்தால் கதை வேறு. அதனால் இப்போது எண்ணை எழுதுவதோடு, கடைசிப் பெருமழையிலிருந்து எத்தனையாவது நாள் என்றும் பக்கத்தில் எழுதுகிறேன். கோடையில் மாதம் ஒரு தடவை, ஐப்பசி முதல் தை வரை வாரம் ஒரு தடவை. 16க்குக் கீழே இருந்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. 20க்கு மேல் போய் மூன்று வாரம் ஆகியும் இறங்காவிட்டால் மாடிக்கு ஏறித் தண்ணீரைத் தேடுவேன். 25க்கு மேல் தங்கிவிட்டால் சுவரைத் திறந்துவிட வேண்டியதுதான். இது என் வீட்டுக்கு நான் போட்டுக்கொண்ட கணக்கு. ஓட்டுவீட்டுக்கும் மலையூர் வீட்டுக்கும் வேறு மாதிரி வரலாம்.

ஒரு தடவை மீட்டர் என்னை வீணாக அலைக்கழித்தது. 2019 மே மாதம், கத்திரி வெயிலில், ஐந்தாம் கட்டை 19 காட்டியது. கிழக்குப் பக்கம் 11. மாடியில் ஒரு சொட்டு இல்லை. ஆசாரிக்கு போன் போட்டுவிட்டேன். அவர் வந்து சுவரைத் தடவிப் பார்த்து, "உப்புப் பூத்திருக்கு பாரு" என்றார். கடலோர ஊரில் சுவரில் உப்பு ஏறும். ஈரம் போகும்போது உப்பு மரத்துக்குள்ளும் போய்த் தங்கிவிடும். உப்பு மின்சாரத்தைக் கடத்தும், மீட்டர் அதை ஈரம் என்று படிக்கும். உறுதி செய்ய ஒரே வழி எடை போடுவதுதான். கைத்துறப்பணத்தால் மெதுவாகத் துளைத்து, சீவலை உடனே மூடி போட்ட டப்பாவில் சேர்த்தோம். மின்துளைப்பான் வேண்டாம், அதன் சூட்டிலேயே ஈரம் பறந்துவிடும். நகைக்கடைத் தராசு போன்ற சின்ன டிஜிட்டல் தராசில் 6.42 கிராம்; உலர்த்திய பின் 5.71. கணக்குப் போட்டால் பன்னிரண்டரை சதவீதம்கூட இல்லை. மரம் காய்ந்துதான் இருந்தது. அன்றிலிருந்து ஐந்தாம் கட்டைக்கு மட்டும் கோடை எண்ணை அடிமட்டமாக வைத்து, அதற்கு மேல் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கிறேன். ஆணி, இரும்புத் தகடு பக்கத்தில் திருகு போட்டாலும் இதே மாதிரி ஏமாற்றும்.

தெரிந்த பொறியாளர் ஒருவர் வெப்பப்படக் கேமரா கொண்டுவந்து காட்டினார். அது ஈரத்தை அளப்பதில்லை, வெப்பத்தைத்தான் பார்க்கிறது. ஈரம் ஆவியாகும் இடம் குளிர்ந்து நீலமாகத் தெரியும். மழைக்கு மறுநாள் எங்கே மீட்டர் வைக்க வேண்டும் என்று தேட நன்றாக உதவும். அதோடு சரி.

கட்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். நிலைக்கால்களையும் சொல்ல வேண்டும். பின்கட்டில் குளியலறைக்குப் போகும் நிலையின் அடிப்பாகம் தரைக்குள் புதைந்திருந்தது. மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அம்மா வெள்ளிக்கிழமை தோறும் வீடு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். தரையிலிருந்து ஒரு விரல் உயரத்தில் 27, ஒரு முழம் மேலே 13. வருடம் முழுக்க அப்படியே. அதன் வழியாகக் கரையானும் ஏறிக்கொண்டிருந்தது. அதற்கும் ஈர மரம்தான் பிடிக்கும். அம்மாவிடம் கழுவாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிலைக்காலின் அடியை நான்கு அங்குலம் அறுத்துவிட்டு, கீழே கருங்கல் துண்டு கொடுத்து மரத்தைத் தரையிலிருந்து தூக்கினோம். திண்ணைத் தூண்களுக்குக் கீழே கல் பாதம் வைத்த அதே ஏற்பாடுதான். இப்போது கழுவினாலும் 15 தாண்டுவதில்லை.

பூச்சுகளைப் பற்றிக் கேட்கிறார்கள். எனாமலை எல்லாக் கட்டையிலிருந்தும் சுரண்டி எடுத்துவிட்டோம்; இப்போது மெல்லிய எண்ணெய்தான். மேற்குச் சுவரின் உட்புறச் சிமென்ட்டைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்பு பூசினோம். அதற்கு ஆள் கிடைக்கவே ஐந்து மாதம் ஆயிற்று. வேலை முடிந்த அடுத்த மழையில் காயும் நாட்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை நோட்டில் பார்த்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. கட்டை முனைகளில் போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசலை ஊற வைத்தோம். பூஞ்சணத்துக்கும் பூச்சிக்கும் நல்லது. ஆனால் தண்ணீர் ஓடும் இடத்தில் அது கரைந்து போய்விடும். கசிவை நிறுத்தாமல் மருந்து போடுவது வீண் செலவு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் ஊர் மேலேயே நின்றது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், மின்சாரம் இல்லை. விடியற்காலை டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறிக் கிளிப் மாட்டினேன். அம்மா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "சொல்லு, சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 17, 18, 17, 19. ஐந்தாவது 29. ஏழாவது 20. ஒன்பதாவது 21.

டிசம்பர் கடைசியில் ஒன்பதாவதும் ஏழாவதும் 17க்கு வந்துவிட்டன. மற்றவை 15. ஐந்தாவது முதல் இரண்டு வாரத்தில் 25 வரை இறங்கி அங்கேயே நின்றது. பொங்கலன்று 24. அதன் கோடை அடிமட்டம் 19, உப்பைக் கழித்தால்கூட ஐந்து புள்ளி தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கிறது. ஆறு வாரம் கடந்தும் இறங்கவில்லை. ஆசாரிக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை, மகன் வருகிறார். மகனோடு அவரும் வந்து, திண்ணையில் உட்கார்ந்தபடி நான் நோட்டை வாசிக்க வாசிக்கக் கேட்டார். பிறகு மகனைப் பார்த்து, "முட்டுக் கொடுத்துட்டு அஞ்சாவதைத் தெறந்துரு. மேல கைப்பிடிச் சுவரையும் பாரு, தண்ணி அங்கேர்ந்துதான் வரும்" என்றார். கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கம் ஓர் அரசங்கன்று வேர் விட்டிருந்தது. சுவரைத் திறந்தபோது முனையில் வெள்ளைப்பகுதி மட்டும், ஒரு விரற்கடை அளவு, பஞ்சாகியிருந்தது. வைரம் உளிக்கு நீளச் சிம்பு கொடுத்தது. அறுக்காமல், செதுக்கி, காயவிட்டு வைத்திருக்கிறோம். சுவர் இன்னும் மூடவில்லை. 16க்கு வரட்டும் என்று காத்திருக்கிறேன். இன்று காலை 18.